பால் இல்லாமல் மூன்று சந்தை

கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டிக்குப் படிக்க வரும் பெண்பிள்ளைகளுக்கு 26 வருஷம் சமைத்துப் போட்டவள் நான். 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. வெளியே அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் சிலருக்கு என் வீட்டுக் கூடம்தான் மெஸ். முன்பெல்லாம் உள்ளே நுழையும்போதே, "அம்மாச்சி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்பார்கள். இப்போது நாலைந்து வருஷமாகப் புதுக் கேள்வி: "அம்மாச்சி, மூணு வாரம் வீகனா இருந்து பார்க்கப்போறோம். இந்தக் குளிர்ல முடியுமா?"

முடியும். நானே இருந்து பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை நாலாம் நாளே கவிழ்ந்தேன். இரண்டாம் தடவை கரையேறினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எல்லாவற்றையும் விடுவதுதான் வீகன். தமிழில் நனிசைவம் என்கிறார்கள், நல்ல சொல். 1944-இல் டொனால்ட் வாட்சன் என்ற ஆங்கிலேயர் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கியபோது பிறந்த பெயர் வீகன். ஜனவரி மாதம் முழுக்க இப்படி இருந்து பார்ப்போம் என்று இங்கிலாந்தில் கிளம்பியது 2014-இல். அது அவர்கள் ஊர்க் கணக்கு. மலைக்குத் தனிக் கணக்கு உண்டு.

1. சபதம் வேண்டாம், தேதி போதும்.

"இனிமேல் பாலைத் தொடவே மாட்டேன்" என்று முதல் நாள் சொன்ன பிள்ளையை ஐந்தாம் நாள் பால்கோவாவும் கையுமாகப் பார்த்திருக்கிறேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காந்தியே இதில் மாட்டிக்கொண்டவர்தான். 1912-இல் தென்னாப்பிரிக்காவில், டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். பழமும் கொட்டையும் எண்ணெயுமாக ஆறு வருஷம் ஓட்டினார். 1918-இல் சீதபேதி வந்து படுத்த படுக்கையானார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று மருத்துவர் சொல்ல, இவர் சபதத்தைக் காட்டி மறுத்தார். பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா, பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே சபதம் எடுத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்தி குடித்துவிட்டார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் ஆன்மாவைக் கைவிட்டுவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் கஸ்தூரிபா கட்சிதான்.

நீங்கள் காலண்டரில் இரண்டு தேதியை வட்டம் போடுங்கள், ஆரம்பம் ஒன்று, முடிவு ஒன்று. நடுவில் காய்ச்சல் வந்தால் நிறுத்திக்கொண்டு, உடம்பு தேறிய பிறகு இன்னொரு தேதி பாருங்கள்.

2. மூன்று சந்தை என்று கணக்கு வையுங்கள்.

கொடைக்கானலில் ஞாயிறு சந்தை. ஒரு ஞாயிறு காய் வாங்கிக்கொண்டு வந்து தொடங்கினால், மூன்று சந்தைக் காய் தீரும்போது உங்கள் மூன்று வாரமும் தீர்ந்திருக்கும். முதல் சந்தையில் கண்டதையெல்லாம் வாங்குவீர்கள். இரண்டாவதில் கடலையும் தேங்காயும் கூடுதலாக வாங்குவீர்கள். மூன்றாவதில்தான் உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று தெரியும். அதனால்தான் ஒரு வாரம் போதாது என்கிறேன்.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். நான் முதலில் தொடங்கியது மார்கழி கடைசியில். நாலாம் நாள் பொங்கல். பானையில் பால் பொங்குகிற நாளைப் பார்த்துப் பாலை விட்டேன் என்று கிளம்பிய கிறுக்கி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மருமகள் கரண்டியில் சர்க்கரைப் பொங்கலை எடுத்து, "இனிப்பு சரியா இருக்கா பாருங்க அத்தை" என்று நீட்டினாள். வாங்கி வாயில் போட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி நெய் ஊத்து" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

கல்யாணம், திருவிழா, தேர்வு மூன்றும் இல்லாத வாரங்களாகப் பாருங்கள். ஐப்பசி மழையில் வெளியே எங்கும் போக முடியாமல் கிடப்பீர்களே, அது நல்ல காலம்.

3. கறியை விடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பாலைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

திண்டுக்கல் பிரியாணியில் வளர்ந்த பிள்ளைகள்கூட மூன்று வாரம் கறி இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். நமக்கு அது பழகிய பாதை. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் இருக்கிறோம், தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள்: நம் விரதத்தில் கறி இறங்கியதும் பால் ஏறிவிடும். விரதச் சாப்பாடு என்றாலே பாலும் பழமும்தானே.

பாலை விடுகிற விரதமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. என்னோடு எட்டு வருஷம் சமையலுக்கு நின்ற மாத்வ அம்மா ஒருவர் வருஷா வருஷம் சாதுர்மாஸ்ய விரதம் இருப்பார். நாலு மாதம். முதல் மாதம் காய்கறி, கீரை கிடையாது. இரண்டாம் மாதம் தயிர் கிடையாது. மூன்றாம் மாதம் பால் கிடையாது. நாலாம் மாதம் பருப்பு கிடையாது. பால் விலக்கிய மாதத்தில் தயிர் சேர்த்துக்கொள்வார், அதனால் அது வீகன் ஆகாது. ஆனால் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து மறுபடி சேர்த்துக்கொள்கிற அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களில் வழக்கம் தவறாதவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய 50 நாள் நோன்பில் கறி, மீன், முட்டையோடு பாலையும் விடுவார்கள். ஆக, இதை யாரும் வெளிநாட்டுப் பைத்தியம் என்று சொன்னால் சிரித்துக்கொண்டு போங்கள்.

4. தொடங்குவதற்கு முந்தைய மூன்று நாள் எதையும் விடாமல், ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பால் உங்கள் வாய்க்குள் எத்தனை தடவை வருகிறது என்று மட்டும். நான் எழுதிய முதல் நாள் கணக்கு: விடிகாலை காப்பி, பதினோரு மணி டீ, அதோடு இரண்டு பிஸ்கட், சாம்பார் சாதத்தில் நெய், கடைசியில் மோர், நாலு மணி டீ, ராத்திரி தோசைக்கு நெய், படுக்கும்போது அரை டம்ளர் பால். எட்டு. நான் பால் பிரியை இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

5. காலை டீயை வென்றால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

டிசம்பர், ஜனவரியில் விடியும்போது இங்கே பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும். வாசலில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லையென்றால் எந்தக் கொள்கையும் நிற்காது. அதனால் வேறு எதையும் யோசிக்கும் முன்னால் இதை ஏற்பாடு செய்யுங்கள்.

பாலை ஊற்றிக் குடித்த அதே டீத்தூளைக் கொதிக்கவிட்டு வரட்டீ என்று குடித்தால் நாக்கு வறண்டு போகும். தூளைப் பாதியாகக் குறையுங்கள். தண்ணீர் கொதித்து இறக்கிய பிறகு தூளைப் போட்டு மூடி, இரண்டு நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போடுங்கள். கருப்பட்டி போட்டால் பால் டீ திரிந்து போகும், வரட்டீக்கு அந்தத் தொல்லை கிடையாது. காப்பிக்காரர்களுக்கு ஒரு யோகம்: கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பி விளைகிறது. சிக்கரி கலக்காத தூளாக வாங்கி, டிகாக்‌ஷனை நீர்க்க இறக்கி, வரக்காப்பியாகக் குடித்துப் பாருங்கள். மிளகுக்கொடிக்கு அடியில் விளைந்த காப்பிக்கு என்ன வாசனை என்று பாலில்லாமல் குடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளையாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும் என்பவர்களுக்கு: தேங்காய்ப்பால் காப்பியோடு ஒத்துப்போகும், டீயில் ஊற்றினால் பாயசம் மாதிரி ஆகிவிடும். சோயா பால் கொதிக்கிற காப்பியில் சில சமயம் திரியும், டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள். பாதாம் பால் பெட்டிக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரக் காய் வாங்கலாம். நீங்கள் உங்கள் அப்பா காசில் படிக்கிறவர்கள், அதை விடுங்கள். மதுரைப் பிள்ளைகள் இருந்தால் பருத்திப்பாலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சுகிறது. மாடே பார்க்காத பால், மதுரையில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் விற்கிறது. வீகன் என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை.

6. மலையில் அடுப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

கொடைக்கானல் 7,000 அடி உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை ராத்திரி வரை வேகாது. பருப்பும் பயறும்தான் இனி உங்கள் கறியும் முட்டையும் என்பதால், குக்கர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இட்லி மாவும் அப்படித்தான். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே குளிர்காலத்தில் மறுநாள் மத்தியானம்கூட அப்படியே உட்கார்ந்திருக்கும். பாத்திரத்தைக் கம்பளிப் போர்வையால் சுற்றி, அணைத்த அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். "அம்மாச்சி, கம்பளி ஆட்டு மயிர்தானே" என்று ஒருத்தி சாக்கைத் தேடிக்கொண்டு வந்து சுற்றினாள். சாக்கும் நன்றாகவே வேலை செய்தது.

7. தயிர்ச்சோற்றுக்கு முன்கூட்டியே வழி பண்ணுங்கள்.

டீக்கு அடுத்த பெரிய மேடு இதுதான். மோர் ஊற்றிச் சாப்பிடாவிட்டால் சாப்பாடு முடிந்ததாகவே நமக்குத் தோன்றாது. இரண்டாம் வாரம் எனக்கு வந்த கோபமெல்லாம் இதனால்தான் என்று இப்போது தெரிகிறது.

கடலைத் தயிர் செய்யலாம். ஒரு டம்ளர் பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். பச்சை வாடை போகும்வரை கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள், அடிபிடிக்கும், வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆறேழு பச்சைமிளகாயைக் காம்போடு உள்ளே போட்டு, ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள். காம்பில் இருக்கிற நுண்ணுயிர்தான் உறை. முதல் தடவை பாதிதான் தோயும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் நன்றாக வரும். வெறுமே சாப்பிட்டால் கடலை ருசி தூக்கலாகத் தெரியும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டிவிட்டால் நாக்கு ஏமாந்துவிடும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் வரிசையை மாற்றுங்கள்: குழம்பை முதலில் முடித்து, ரசச் சோற்றைக் கடைசிக்கு வையுங்கள். கொள்ளு ரசம் என்றால் குளிருக்கும் ஆகும்.

8. மலையில் விளைவதைச் சாப்பிடுங்கள், மீதிக்குக் கீழே பாருங்கள்.

பட்டர் பீன்ஸில் வெண்ணெய் இல்லை, பட்டர் ஃப்ரூட்டிலும் இல்லை. பயந்துகொண்டு கேட்ட பிள்ளைகள் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். பட்டர் பீன்ஸைத் தேங்காய்ப்பாலில் கூட்டு வையுங்கள், முதல் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும். பட்டர் ஃப்ரூட் கீழ்மலைத் தோட்டங்களில் காய்த்துத் தொங்குகிறது. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அதில் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே கொடுத்திருக்கிறது. உப்பும் மிளகும் எலுமிச்சையும் போட்டு மசித்துச் சப்பாத்திக்கு வைத்துக்கொண்டால் வெண்ணெய் தேவைப்படாது. கேரட், உருளை, பச்சைப்பட்டாணி, சௌசௌ எல்லாம் உங்களுக்குத் தெரியும். பூண்டு மட்டும் மலைப்பூண்டாகப் பார்த்து வாங்குங்கள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. நல்லெண்ணெயில் வைத்த பூண்டுக் குழம்பு மூன்றாம் நாள் இன்னும் ருசியாக இருக்கும்.

மலைக் காயை மட்டும் தின்று மூன்று வாரம் ஓட்டாதீர்கள், கேரட்டில் வயிறு நிறையுமே தவிர சத்து நிறையாது. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்கு 40 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழெட்டு கிராம் வரும். மீல்மேக்கரில் எடைக்குப் பாதி புரதம். பருப்பு, சுண்டல், கடலை, மீல்மேக்கர் நாலில் மூன்று தினமும் தட்டில் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். கால்சியத்துக்குக் கேழ்வரகு: 100 மில்லி பாலில் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறதென்றால் 100 கிராம் கேழ்வரகில் 340-க்குக் குறையாது. எள்ளில் இன்னும் பல மடங்கு, எள்ளுத் துவையலை மறக்காதீர்கள். முருங்கை இந்தக் குளிரில் தழைக்காது, ஊருக்குப் போய்வருகிற பிள்ளையிடம் கீரை கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரம் பயறு கூடுவதால் வயிறு பொருமும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், பெருங்காயம் போடுங்கள்.

9. பட்டினி கிடப்பதற்கு இதைச் சாக்காக வைக்காதீர்கள்.

இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை. "நான் வீகன் அம்மாச்சி" என்பாள். மோர் வேண்டாம், சரி. பொங்கல் வேண்டாம், சரி. பிறகு தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றாள். கடலை வேண்டாம் என்றாள். எண்ணெய் வேண்டாம் என்றாள். இட்லி ஒன்று போதும் என்றாள். தேங்காயும் கடலையும் எந்த மாட்டிடமிருந்து வருகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் கொள்கைப்படி நடக்கிறாள் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒருநாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். இளைக்க வேண்டும் என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக மூன்று மாதமாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். வீகன் என்ற பெயர் அவளுக்கு ஒரு போர்வை. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல அது வசதியாக இருந்தது.

பாலை விட்ட பிள்ளை முன்னைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும், குறைவாக அல்ல. தோழி ஒருத்தி விடுகிற பொருள்களின் பட்டியல் வாராவாரம் நீண்டுகொண்டே போனால், அதில் மாட்டுக்குச் சம்பந்தமில்லாதவையும் சேர்ந்தால், அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டுக்குச் சொல்லுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சாப்பாட்டோடு முன்பே மல்லுக்கட்டியவர்கள் இந்த மூன்று வாரச் சோதனைக்கே வரவேண்டாம். ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

10. பி12 பற்றி ஒரு வார்த்தை.

செடியிலிருந்து அது கிடைக்காது. கல்லீரல் அதை வருஷக்கணக்குக்குச் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் மூன்று வாரத்தில் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் பிறந்ததிலிருந்தே சைவமாக இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு. கைகால் மதமதப்பு, ஓயாத அசதி, நாக்குப் புண் இருந்தால் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தை மூன்று மாதமாக நீட்டப்போகிறவர்கள் மாத்திரை இல்லாமல் நீட்டாதீர்கள். சுருள்பாசி போதும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

11. கடையில் வாயைத் திறந்து கேளுங்கள்.

பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்லும், பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கென்று தனி விதி 2022-இல் வந்தது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் மேலே ஒரு இலையும் இருக்கும். அது இல்லாத பாக்கெட்டில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசீன் என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கும். பேக்கரி பன், ரஸ்க், பிஸ்கட் பெரும்பாலும் சந்தேகம்தான். ஹோட்டலில் பொங்கலும் கேசரியும் நெய், புரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், தோசைக்கு "நெய் வேண்டாம், எண்ணெய் போடுங்க அண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கொடைக்கானலுக்கு வந்துவிட்டு ஹோம்மேட் சாக்லேட் கடையைத் தாண்டிப் போவது கஷ்டம்தான். பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது, வெல்லமும் கடலையும் மட்டும்.

12. பஞ்சாமிர்தம், தேன், ஸ்வெட்டர்.

மூன்று வாரத்துக்குள் யாராவது பழனிக்குப் போய்விட்டு வருவார்கள், டப்பாவைத் திறப்பார்கள். மலைவாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் சரி, நெய்யும் தேனும் உள்ளே இருக்கின்றனவே. நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டாலும் முருகன் கோபிக்க மாட்டான், உங்கள் கணக்கும் அழிந்துவிடாது. தேனை விடுங்கள், ஆனால் பாறையில் ஏறித் தேன் எடுக்கிற பளியர்களிடம் போய் ஈயின் கஷ்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

கம்பளியும் தோலும் பட்டும் வீகனுக்கு ஆகாதுதான். இங்கிருந்து மன்னவனூர் போனால் 1965-இல் வந்த மத்திய ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ரோமத்துக்காகவே ஆடு வளர்க்கிறார்கள். போய்ப் பாருங்கள். ஆனால் மூன்று வாரத்துக்காக இருக்கிற ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்து, ஜலதோஷம் பிடித்து, என்னிடம் மிளகுக் கஷாயத்துக்கு வந்து நிற்காதீர்கள். புதிதாக வாங்காமல் இருங்கள், போதும். சுத்தம் பார்க்கக் கிளம்பினால் அதற்கு முடிவில்லை. மாட்டெருவோ கோழியெருவோ போடாமல் விளைந்த கேரட்டை இந்த மலையில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

13. மற்றவர் தட்டைப் பார்த்துப் பேசாதீர்கள்.

நானும் பால் விற்றவள்தான். மெஸ் நடத்திய இந்த வருஷங்களில் பாதி நாள் இரண்டு மாடு வைத்திருந்தேன். ஒரு ஆடி மழையில், ஈன்று பத்து நாளான கன்று செத்துப்போனது. மாடு பால் சுரக்கவில்லை, கத்திக்கொண்டே நின்றது. கீழேயிருந்து ஒருவர் வந்து கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினதும் மாடு மோந்து பார்த்தது, நக்க ஆரம்பித்தது. மடி இறங்கியது. நான் உட்கார்ந்து கறந்தேன். மாதக்கணக்கில் இப்படித்தான். நக்கி நக்கி அந்தத் தோலில் நெற்றிப் பக்கம் மயிரே இல்லாமல் போனது. மழை நாளில் வைக்கோல் நனைந்து நாறாமல் இருக்க அதை எடுத்து அடுப்பு மேலே பரணில் வைப்பேன். அந்தப் பாலில்தான் பிள்ளைகளுக்குக் காப்பி போட்டேன்.

அப்போது எனக்கு இது பெரிதாகப் படவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். பாலை விட்டிருந்த இரண்டாம் வாரத்தில், ஒருநாள் வரக்காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பரண் ஞாபகத்துக்கு வந்தது. யாரும் எனக்கு எடுத்துச் சொல்லி வரவில்லை. சொல்லியிருந்தால், "என் மாட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்" என்று சண்டைக்குத்தான் போயிருப்பேன். இந்த ஊரில் ஒரு மாட்டுப் பாலில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அவர்கள் வாசலில் நின்று வகுப்பெடுக்காதீர்கள்.

14. முடிகிற நாளுக்கும் திட்டம் வேண்டும்.

22-ஆம் நாள் விடிந்ததும் பெரிய டம்ளர் பாலும் பால்கோவாவும் நெய் ரோஸ்ட்டும் என்று பாயாதீர்கள், சிலருக்கு வயிறு உப்பிக்கொள்ளும். தொடங்குவதற்கு முந்தைய மூன்று நாள் எழுதிய நோட்டை எடுங்கள். அந்த வரிசையில் ஒவ்வொன்றாக, நாளைக்கு ஒன்று என்று திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எது இல்லாமல் உண்மையாகவே தவித்தீர்கள், எது கை தானாக நீண்டது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் எட்டில் மூன்று திரும்பி வந்தன: விடிகாலை காப்பிக்குப் பால், கடைசிச் சோற்றுக்கு மோர், சாம்பார் சாதத்து நெய்க்குப் பதிலாகப் பொங்கலன்று மட்டும் நெய். பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும் வரட்டீயாகவே நின்றுவிட்டன. பிஸ்கட்டும் தோசை நெய்யும் படுக்கும்போது குடித்த பாலும் போன இடம் தெரியவில்லை. அந்த இரண்டாம் தடவை என்னோடு சேர்ந்து இருந்த நாலு பிள்ளைகளில் ஒருத்தி இன்றுவரை பாலைத் தொடவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். இன்னொருத்தி மூன்று வாரம் முடிந்த அன்று மத்தியானமே பஸ் ஏறித் திண்டுக்கல் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எனக்கு போன் பண்ணினாள். இரண்டு பேரும் இந்த வீட்டுக்கு வந்தால் ஒரே பாயில்தான் உட்காருவார்கள்.

வருகிற ஞாயிறு நான் சந்தைக்குப் போகிறேன். தொடங்கப்போகிறவர்கள் காலையில் பையோடு வந்துவிடுங்கள். கடலையும் பட்டர் பீன்ஸும் நான் பேரம் பேசி வாங்கித் தருகிறேன், உருளைக்கிழங்கு மூட்டையை நீங்கள்தான் தூக்க வேண்டும்.